குவேசார் என்றாலே ஆதி பிரபஞ்சமா? சில தவறான முடிவுகள்

சென்னையில் தொலைநோக்கி வாங்கியவர்களுக்குக் கொஞ்ச நாளில் வரும் ஆசை 3சி 273. கன்னி ராசிப் பக்கம் இருக்கும் குவேசார் இது, அதாவது வெகு தூரத்துக் கேலக்ஸியின் நடுவே ராட்சதக் கருந்துளையில் விழும் வாயு சூடேறிப் பளிச்சிடும் இடம். ஏப்ரல் இரவுகளில் நன்றாக மேலே வரும். பிரகாச எண் (எண் கூடினால் மங்கல்) கிட்டத்தட்ட 13 என்பதால் எட்டு அங்குலக் கருவிக்கு எட்டும். நகர வெளிச்சத்தில் மொட்டை மாடியிலிருந்து தேடுவது வீண் வேலை, ஜவ்வாது மலையில் காவலூர் பக்கம் போனால் வாய்ப்பு உண்டு. (இந்தப் பிரகாச அளவுகோலை 1856-இல் ஒழுங்குபடுத்திய போக்சன், பிறகு நுங்கம்பாக்கம் வானாய்வகத்தில்தான் 1891 வரை வேலை பார்த்தார்.)

சரி, பார்த்தாயிற்று. 'ஆதி பிரபஞ்சத்தைப் பார்த்துவிட்டேன்' என்றால் அது தவறு. அந்த ஒளி கிளம்பி சுமார் 200 கோடி ஆண்டுகள்தான் ஆகின்றன. பிரபஞ்சத்தின் வயதோ 1,380 கோடி. உண்மையிலேயே பழைய குவேசார்களின் புற ஊதா ஒளி, வழியில் விண்வெளி விரிந்ததால் நீண்டு, அகச்சிவப்பாகத்தான் நம்மிடம் வருகிறது. கண்ணை வைத்துப் பார்க்க அங்கே ஒன்றும் இருக்காது.

இதைவிடப் பெரிய தவறு, ஒரு கண்டுபிடிப்பு பற்றி முதன்முதலில் வரும் செய்தியில் உள்ள செம்பெயர்ச்சி எண்ணை அப்படியே நம்புவது. ஒளி எவ்வளவு நீண்டிருக்கிறது என்பதைச் சொல்லும் எண் இது, கூடக்கூட ஒளி பழையது. 2022-இல் ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கியின் படங்களில் சிக்கிய சியர்ஸ்-93316 என்ற கேலக்ஸிக்குச் செம்பெயர்ச்சி 16-க்கு மேல் என்று கணித்தார்கள். அதாவது பெருவெடிப்புக்குப் பிறகு வெறும் 25 கோடி ஆண்டுக்குள். ஆனால் அது சில வடிகட்டிகள் வழியே எடுத்த படங்களின் நிறத்தை ஒப்பிட்டுச் சொன்ன மதிப்பீடு. மறு ஆண்டு ஒளியை நிறம் நிறமாகப் பிரித்து, அதாவது நிறமாலையாக்கிப் பார்த்தபோது எண் 4.9-க்கு இறங்கிவிட்டது! தூசி ஒளியைச் சிவப்பாக்கியிருந்தது. ஆக்சிஜன், ஹைட்ரஜன் வாயுக்களின் பளிச்சென்ற கோடுகள் சரியாக அந்த வடிகட்டிகளுக்குள் விழுந்து, மிகப் பழைய கேலக்ஸி போல வேஷம் கட்டியிருந்தன. அதே ஆய்வில் சோதித்த மெய்ஸி கேலக்ஸியோ 11.4 என்று உறுதியானது. அதனால் நிற மதிப்பீடே மோசம் என்று ஒதுக்கவும் முடியாது, எதை நிறமாலையில் சோதிக்கலாம் என்று காட்டுவதே அதுதான். செய்தியில் 'நிறமாலை' என்ற சொல் இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள்.

அப்புறம், கண்ணில் பட்டதை வைத்து எல்லாவற்றையும் எடைபோடுவது. பெருவெடிப்புக்கு 67 கோடி ஆண்டுகள் கழித்து ஒளிர்ந்த ஜே0313-1806 குவேசாரின் கருந்துளை 160 கோடி சூரிய நிறை கொண்டது. அன்றிருந்த கருந்துளைகள் எல்லாம் இப்படித்தான் என்று நினைத்தால், ராத்திரி மெரினாவில் நின்று கப்பல் விளக்குகளை மட்டும் பார்த்துவிட்டுக் கடலில் கட்டுமரமே இல்லை என்பது போல ஆகிவிடும். அவ்வளவு தூரத்தில் மங்கலானவை தப்பிவிடும். 'ஜேம்ஸ் வெப் பெருவெடிப்பைப் பொய்யாக்கிவிட்டது' என்ற வாட்ஸ்அப் செய்தியை விட்டுத்தள்ளலாம். எதிர்பார்த்ததைவிட சீக்கிரமே பிரகாசமான கேலக்ஸிகள் தோன்றியதுதான் அங்கே புதிர்.

தூரக் கணக்கிலும் ஒரு குழப்பம் உண்டு. 2024-இல் அறிவித்த ஜேட்ஸ்-ஜிஎஸ்-இசட்14-0 கேலக்ஸியின் ஒளி 1,350 கோடி ஆண்டுகள் பயணித்தது. உடனே தூரம் 1,350 கோடி ஒளியாண்டு என்று எழுதிவிடுகிறார்கள். ஒளி வந்துகொண்டிருந்த காலம் முழுக்க இடைவெளியும் விரிந்துகொண்டே இருந்தது. அது இன்று இருக்கும் தூரம் 3,300 கோடி ஒளியாண்டுக்கும் மேல்.