புகையில்லாக் குடியிருப்பு: விதி வகுக்கும்போது சங்கங்கள் செய்யும் தவறுகள்

அடுக்குமாடிக் குடியிருப்பில் புகைபிடிக்கத் தடை என்று முடிவெடுத்ததும் சங்கங்கள் முதலில் செய்வது லிப்டுக்குப் பக்கத்தில் ஒரு பலகை மாட்டுவதுதான். பலகை தேவைதான், அதோடு வேலை முடிந்தது என்று எண்ணுவது தவறு. 2003ஆம் ஆண்டின் புகையிலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் பொது இடங்களில் புகைபிடிப்பதைத் தடை செய்து, மீறுவோருக்கு 200 ரூபாய் வரை அபராதம் விதிக்கிறது. ஆனால் அந்தச் சட்டம் வீட்டுக்குள் நடப்பதைத் தொடுவதில்லை என்பதால், அங்கிருந்து கிளம்பும் புகைக்குக் குடியிருப்போரே கூடி விதி வகுத்தாக வேண்டும்.

பால்கனி வெளியிடம்தானே, அங்கே பிடித்தால் யாருக்கு என்ன தொல்லை என்று நினைப்பதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு. சூடான புகை மேலே ஏறும். மேல்வீட்டுப் பால்கனிக் கதவு திறந்திருந்தால் நேரே உள்ளே போகும். எங்கள் குடியிருப்பில் இரண்டாம் மாடியில் இரவு பத்து மணிக்கு ஒருவர் பற்றவைத்தால், மூன்றாம் மாடிக் கொடியில் காயும் பள்ளிச் சீருடையில் மறுநாள் காலையிலும் அந்த வாடை இருக்கும். குளியலறை இன்னும் மோசம். குளியலறைச் சன்னல்கள் எல்லாம் திறக்கும் டக்ட், கீழ்த்தளத்திலிருந்து மொட்டைமாடி வரை ஒரு புகைபோக்கியைப் போல நிற்பதால், கீழே ஒருவர் கதவைச் சாத்திக்கொண்டு பிடிக்கும் சிகரெட், மேலே மூச்சிரைப்பு உள்ள குழந்தை குளிக்கும் இடத்துக்கு வந்து சேர்கிறது. சிங்கப்பூர் 2013இல் குடியிருப்புக் கட்டடங்களின் பொது நடைவழிகளிலும் படிக்கட்டுகளிலும் கீழ்த்தளத் திறந்தவெளிகளிலும் புகைபிடிப்பதைத் தடுத்தது. ஆயினும் சன்னலோரத்திலும் பால்கனியிலும் பிடிப்பவர்களைப் பற்றிய முறையீடு 2020இல் அந்நாட்டு நாடாளுமன்றம் வரை போனது.

எக்ஸாஸ்ட் ஃபேன் போட்டால் போதும், ஊதுபத்தி ஏற்றினால் போதும் என்று சமாதானம் சொல்வதும் தவறு. காற்றோட்டத்தை அதிகப்படுத்துவதாலோ காற்றைச் சுத்திகரிப்பதாலோ பிறர் விடும் புகையின் பாதிப்பை முற்றிலும் நீக்க முடியாது என்று அமெரிக்கத் தலைமை மருத்துவரின் 2006ஆம் ஆண்டு அறிக்கை தெளிவாகச் சொல்லிவிட்டது. வாடை மறைந்தாலும் நுண்துகள்கள் அறையில்தான் இருக்கும்.

செயற்குழுவில் ஐந்து பேர் கூடி முடிவெடுத்து, மறுநாளே வாட்ஸ்அப் குழுவில் அறிவித்துவிடும் விதி நிலைப்பதில்லை. பொதுக்குழுவில் பேசி, துணைவிதியில் சேர்த்து, வாடகை ஒப்பந்தத்திலும் ஒரு வரியாக எழுதினால்தான் உரிமையாளருக்கும் குடித்தனக்காரருக்கும் அது பொருந்தும். அமெரிக்காவில் அரசின் பொதுக் குடியிருப்புகளுக்கு 2016 இறுதியில் விதி வகுத்தபோது, நடைமுறைப்படுத்த 2018 ஜூலை 30 வரை அவகாசம் தந்தார்கள். வீட்டின் உட்புறமும் கட்டடத்தைச் சுற்றி 25 அடியும் அதில் அடங்கின. திருவல்லிக்கேணி மேன்ஷன்களைப் போல ஓர் அறையைப் பலர் பகிரும் இடங்களில், கட்டிலை ஒதுக்கும் நாளிலேயே இதைச் சொல்லிவிடுவது நல்லது.

புகைபிடிப்பவரின் பெயரை வாட்ஸ்அப் குழுவில் போட்டு அவமானப்படுத்தக் கூடாது. எது நடந்தாலும் பேச்சிலர் பையன்கள்தான் காரணம் என்று முன்கூட்டியே முடிவு கட்டவும் கூடாது. எந்த நாள், எந்த நேரம், எந்தப் பக்கம் என்று குறித்துவைத்து, செயலாளர் நேரில் போய்ப் பேசினால் பெரும்பாலோர் புரிந்துகொள்கிறார்கள். விட நினைத்தும் விட முடியாமல் தவிப்பவர்கள் அவர்களில் உண்டு. சுற்றறிக்கையின் அடியில் 1800 11 2356 என்ற தேசிய இலவச உதவி எண்ணை அச்சிடுவதற்குச் செலவு எதுவும் இல்லை.

காவலாளியை மறந்துவிடுவதை என்னால் பொறுத்துக்கொள்ளவே முடியவில்லை. வீடுகளுக்கு எட்டாத தூரம் என்று வாசல் கேட் ஓரத்தைப் புகைபிடிக்கும் இடமாக ஒதுக்குகிறார்கள். பன்னிரண்டு மணி நேரம் அங்கேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பவரின் மூச்சு அவர்கள் கணக்கில் வருவதில்லை. மீறுபவர்களைத் தட்டிக்கேட்கும் வேலையையும் அவர் தலையிலேயே கட்டினால், சம்பளம் தருபவரைக் கண்டிக்கும் சங்கடத்துக்கும் அவர் ஆளாகிறார். எங்கள் சங்கமும் முதலில் அப்படித்தான் செய்தது. பிறகு அந்த இடத்தைப் பின்மதில் ஓரம் ஆள் உட்காராத மூலைக்கு மாற்றி, கேட்கும் பொறுப்பைச் செயற்குழு எடுத்துக்கொண்டது.