டெமோவைப் பார்த்துத் தீம் வாங்காதீர்கள்

புதிதாக வெப்சைட் தொடங்கும் கடைக்காரர், போட்டோகிராபர், ஓவியர் எல்லோரும் முதலில் வேர்ட்பிரஸ் என்ற சைட் கட்டும் மென்பொருளுக்கான தீம்களின் (சைட்டுக்குத் தோற்றம் தரும் ஆயத்த வடிவமைப்புகள்) டெமோக்களை, அதாவது மாதிரி சைட்களை, வரிசையாகத் திறந்து பார்க்கிறார்கள். பெரும்பாலான தவறுகள் அங்கேயே தொடங்கிவிடுகின்றன. டெமோவில் கண்ணை இழுப்பவை அதில் போட்டிருக்கும் படங்கள். பல கட்டணத் தீம்களில் அவை நமக்குக் கிடைக்காது, உரிமம் தனியாக வாங்க வேண்டும். கல்யாணப் படம் எடுப்பவர் சமாளித்துக்கொள்வார். ஊறுகாய் விற்கும் அக்காவிடம் போனில் நெட்டுவாக்கில் எடுத்த பாட்டில் படங்கள்தான் இருக்கும். அகலமான பேனரில் போட்டால் மூடியும் அடிப்பாகமும் வெட்டுப்பட்டு லேபிள் மட்டும் தெரியும். அதனால் உங்கள் படங்கள், விலைப்பட்டியல், தொழிலைப் பற்றி இரண்டு பத்தி எல்லாம் தயார் செய்துவிட்டு, அப்புறம் தீம் தேடுங்கள்.

தமிழில் சைட் வைக்கப் போகிறவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும், ஏனென்றால் டெமோ பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் இருக்கும். அந்த அழகான எழுத்துருவில் தமிழ் எழுத்துகள் இல்லையென்றால், பார்ப்பவரின் போனில் இருக்கிற ஏதோ ஒரு தமிழ் எழுத்துரு அந்த இடத்தில் வந்து உட்காரும். ஆங்கிலத் தலைப்புக்காக நெருக்கி வைத்த வரி இடைவெளியில், மேல்வரியில் உள்ள ‘மூ’வின் கீழ்ச்சுழியும் கீழ்வரியில் உள்ள ‘கீ’யின் மேற்சுழியும் முட்டிக்கொள்ளும். மெனுவில் ஆங்கிலத்தில் ‘Contact’ என்று ஒரே சொல்லாக இருந்தது ‘எங்களைத் தொடர்புகொள்ள’ என்று ஆனதும் இரண்டு வரியாக உடையும். இதற்காகத் தமிழையே கைவிட வேண்டாம். நோட்டோ சான்ஸ் தமிழ், ஹிந்த் மதுரை, முக்தா மலர் ஆகியவை கூகுள் ஃபாண்ட்ஸில் இலவசம். எழுத்துருவையும் வரி இடைவெளியையும் மாற்ற விடுகிற தீமா என்று பாருங்கள். பத்திகளுக்கு எழுத்தின் அளவைப் போல 1.6 மடங்கு வரி இடைவெளி வைத்தால் தமிழ் மூச்சு விடும்.

முகப்பில் படங்கள் தானாக மாறி ஓடும் ஸ்லைடர், பின்னணி வீடியோ இரண்டையும் நான் பரிந்துரைப்பதில்லை. பக்கத்தின் முக்கியப் பகுதி 2.5 நொடிக்குள் தெரிய வேண்டும் என்பது கூகுளின் அளவுகோல். டெமோவின் முகவரியைப் பேஜ்ஸ்பீட் இன்சைட்ஸ் என்ற கூகுளின் இலவச வேகச் சோதனைக் கருவியில் போட்டு, மொபைல் மதிப்பெண்ணைப் பாருங்கள். டெமோவே திணறினால் உங்கள் சைட் ஓடும் என்று நம்ப வழியில்லை.

கட்டணத் தீமை யாரோ இலவசமாகத் தருகிறார் என்றால் தொடவே தொடாதீர்கள். ‘நல்ட்’ தீம் (உரிமப் பூட்டை உடைத்த திருட்டு நகல்) என்று சுற்றுபவற்றில், வெளியாள் சைட்டுக்குள் நுழையப் பின்கதவு வைத்த நிரல் ஒளிந்திருப்பது சகஜம். டபிள்யூபி-விசிடி என்ற மால்வேர் பரவியதே இப்படித்தான். பணம் இல்லையா, வேர்ட்பிரஸ்.ஆர்க்கில் ஆயிரக்கணக்கான இலவசத் தீம்கள் இருக்கின்றன.

எல்லாம் உள்ளே இருக்கிறது என்று விற்கப்படும் தீம்களில் வேறொரு பொறி உண்டு. பக்கங்களை அந்தத் தீமுக்கே உரிய ஷார்ட்கோடுகளால், அதாவது சதுர அடைப்புக்குறிக்குள் எழுதும் குறுங்கட்டளைகளால், கட்டியிருப்பீர்கள். பிறகு தீமை மாற்றினால் பக்கம் முழுக்கச் சதுர அடைப்புக்குறிகளாக நிற்கும். 2022 ஜனவரியில் வந்த வேர்ட்பிரஸ் 5.9 முதல் பிளாக் தீம்கள் இருக்கின்றன. பத்தி, படம், மெனு என்று சைட்டின் எல்லாப் பகுதிகளையும் பிளாக் என்ற துண்டுகளாக அடுக்குபவை இவை. வேர்ட்பிரஸின் சொந்த பிளாக்குகளால் எழுதினால், தீம் மாறினாலும் நீங்கள் எழுதியது அப்படியே இருக்கும். புதிதாகத் தொடங்குபவருக்கு என் முதல் தேர்வு இதுதான்.

பிளாக் அல்லாத பழைய பாணித் தீம் என்றால், அதன் கோப்புகளை நேரடியாகத் திருத்த வேண்டாம். அடுத்த அப்டேட்டில் எல்லாம் அழிந்துவிடும், சைல்டு தீம் (மூலத் தீமைத் தொடாமல் உங்கள் மாற்றங்களை மட்டும் வைக்கும் துணைத் தீம்) போட்டுத் திருத்துங்கள். அப்டேட்டுக்குப் பயந்து அதை நிறுத்தி வைப்பதும் ஆபத்து. வாங்கும் முன்பே தீம் கடைசியாக அப்டேட் ஆன தேதியைப் பாருங்கள். இரண்டு வருடமாக யாரும் தொடாத தீம் என்றால், எவ்வளவு அழகாக இருந்தாலும் விட்டுவிடுங்கள்.