ஆபரேஷன் காயத்தில் சீழ் பிடிக்காமல் பார்த்துக்கொள்வது எப்படி?

வயிறு, குடல் ஆபரேஷன் ஆனவர்களை 66 நாடுகளில் கவனித்து 2018-இல் வெளியான ஆய்வு ஒன்று உண்டு. 30 நாளுக்குள் காயத்தில் கிருமி பிடித்தவர்கள் வளர்ந்த நாடுகளில் 9.4%, நடுத்தர நாடுகளில் 14%, பின்தங்கிய நாடுகளில் 23.2%. இந்த இடைவெளியைக் குறைக்கும் வேலைகளில் பல, காசு அதிகம் கேட்காதவை. டர்பனின் சாட்ஸ்வர்த்திலோ ஃபீனிக்ஸிலோ உங்கள் வீட்டில் யாருக்காவது ஆபரேஷன் என்றால் இப்படிச் செய்யுங்கள்.

முதலில், முந்தின இரவோ அன்று காலையோ சோப்புப் போட்டுக் குளிக்க வேண்டும். சாதாரண சோப்பே போதும். ஆபரேஷன் செய்யும் இடத்தை வீட்டில் ரேசரால் மழிக்கவே கூடாது. கண்ணுக்குத் தெரியாத கீறல்கள் விழும். கிருமி அதற்குள் குடியேறிவிடும். முடி இடைஞ்சலாக இருந்தால் ஆஸ்பத்திரியில் கிளிப்பரால் வெட்டிவிடுவார்கள். சர்க்கரை நோய் இருந்தால் முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லி அளவைக் கட்டுக்குள் கொண்டுவாருங்கள். சிகரெட்டை 4 வாரம் முன்பே நிறுத்துவது நல்லது.

தியேட்டருக்குள் நடப்பது நம் கையில் இல்லை, ஆனாலும் தெரிந்திருக்க வேண்டும். ஆன்டிபயாடிக் தேவைப்படும் ஆபரேஷன்களில், கத்தி வைப்பதற்கு முந்தைய 120 நிமிடத்துக்குள் ஊசி போட வேண்டும். ரொம்ப முன்னால் போட்டால் வெட்டும் நேரத்தில் ரத்தத்தில் மருந்து குறைந்துவிடும். பின்னால் போட்டால் கிருமி முந்திக்கொள்ளும். தோலில் தடவும் ஆல்கஹால் கலந்த மருந்து தானாகக் காய வேண்டும், சுமார் 3 நிமிடம். ஈரமாக இருந்தால் தீப்பிடிக்கும் ஆபத்தும் உண்டு.

எனக்கு மிக முக்கியமாகத் தோன்றுவது இது: வயிற்றைத் தைத்து மூடும் முன் கையுறைகளையும் கருவிகளையும் மாற்றுவது. தென்னாப்பிரிக்கா, இந்தியா உட்பட 7 நாடுகளில் 13,301 நோயாளிகளிடம் இதைச் சோதித்தார்கள். 2022-இல் முடிவு வந்தது. காயத்தில் கிருமி பிடித்தவர்கள் மாற்றாத இடங்களில் 18.9%, மாற்றிய இடங்களில் 16%. நூற்றுக்கு மூன்று பேர் தப்புவது சின்ன விஷயம் இல்லை. டாக்டரிடம் "இங்கே மாற்றுவீர்களா?" என்று தயங்காமல் கேளுங்கள்.

வீட்டுக்கு வந்தபின்னும், ஆபரேஷன் முடிந்து 48 மணி நேரம் ஆகும்வரை கட்டை அவிழ்க்காதீர்கள். நனைந்தாலோ ரத்தம் ஊறினாலோ நர்ஸிடம் காட்டுங்கள். அதன் பிறகு, டாக்டர் வேறுவிதமாகச் சொல்லாவிட்டால், ஷவரில் குளிக்கலாம். தொட்டியில் ஊறக் கூடாது. தேய்க்காமல், சுத்தமான துணியால் ஒற்றி எடுங்கள். டர்பன் கோடையின் புழுக்கத்தில் மடிப்புகளில் வியர்வை தேங்கும்; அங்கே கூடுதல் கவனம் வேண்டும். காயத்தைத் தொடும் முன் 40 முதல் 60 வினாடி சோப்பால் கை கழுவுங்கள். குழாயில் தண்ணீர் நின்றுபோகும் நாளுக்காக, கொதிக்க வைத்து ஆறிய தண்ணீரை மூடி வைத்திருங்கள்.

மஞ்சள், திருநீறு, எண்ணெய் எதையும் தையல்மேல் வைக்காதீர்கள். பாட்டி அன்போடுதான் சொல்வார். சமையலறை மஞ்சள்தூள் கிருமி நீக்கியது அல்ல. வீட்டில் மிச்சமிருக்கும் ஆன்டிபயாடிக் மாத்திரையும் வேண்டாம்.

சிவப்பு பரவுவது, சூடு, வலி கூடுவது, சீழ், நாற்றம், தையல் பிரிவது, 38 டிகிரிக்கு மேல் காய்ச்சல்: இதில் ஒன்று வந்தாலும் அன்றே கிளினிக்குக்குப் போங்கள். சிவப்பின் ஓரத்தில் பேனாவால் கோடு போட்டுக்கொண்டால், பரவுகிறதா என்று தெரியும். 30 நாள்வரை கவனியுங்கள். மூட்டு மாற்று போல் உள்ளே ஏதாவது பொருத்தியிருந்தால் 90 நாள். டிஸ்சார்ஜ் தாளைக் கையோடு எடுத்துப் போங்கள்.