மிச்சம் பிடிக்கிறோம் என்று நினைத்துச் செய்யும் தவறுகள்

2023 ஜூனில் பெரம்பூரில் எங்கள் வீட்டுக்குக் கணக்கெடுக்க வந்தவர் இபி அட்டையில் 512 யூனிட் என்று எழுதிவிட்டுப் போனார். அதற்கு முந்தைய பில்கள் எல்லாம் நானூற்றுச் சொச்சம்தான். சரி, வெயில் காலம், கொஞ்சம் கூடத்தான் செய்யும், பன்னிரண்டு யூனிட் தாண்டியதற்கு என்ன பெரிதாக ஆகிவிடும் என்று நினைத்தேன். பில் 2046 ரூபாய். 500 யூனிட்டோடு நின்றிருந்தால் 1725. அந்தக் கடைசிப் பன்னிரண்டு யூனிட்டுக்கு மட்டும் 321 ரூபாய் கட்டியிருக்கிறோம்!

இது எப்படி என்றால், 2022 செப்டம்பரில் வந்த கட்டணப்படி முதல் 100 யூனிட் எல்லா வீட்டுக்கும் இலவசம். 500-க்குள் இருக்கும் வீட்டுக்கு அடுத்த 100 யூனிட், யூனிட்டுக்கு 2.25 ரூபாய். 500-ஐத் தாண்டிவிட்டால் அந்தச் சலுகை போய்விடும், அதே 100 யூனிட்டுக்கு 4.50 வீதம் கட்ட வேண்டியிருந்தது. அங்கேயே 225 ரூபாய் போயிற்று. 500-க்கு மேல் போன அந்தப் பன்னிரண்டு யூனிட்டும் 8 ரூபாய் வீதம், அது 96. அப்புறம் 2024-லும் கட்டணம் ஏறியது, அதனால் உங்கள் பில்லில் எண்கள் வேறாக இருக்கும். ஆனால் ஒரு வீடு எந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம், எந்தக் கோட்டுக்கு அந்தப் பக்கம் என்பதைத் தெரிந்துகொள்ளாமல் சிக்கனம் பேசுவதில் பயனே இல்லை என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

பில் வந்த பிறகு பார்ப்பதுதான் முதல் தவறு. இரண்டு மாதம் ஓடி முடிந்த பிறகு வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டுத் திட்டி என்ன ஆகப்போகிறது? 500 யூனிட் என்றால் நாளைக்குச் சுமார் எட்டு யூனிட், வாரத்துக்கு 58. ஞாயிற்றுக்கிழமை காலை பால் வாங்கப் போகும்போது படிக்கட்டுக்குக் கீழே இருக்கும் மீட்டரைப் பார்த்து போனில் ஒரு போட்டோ எடுத்துக்கொள்கிறேன், அவ்வளவுதான். இரண்டாவது வாரமே 75 என்று காட்டினால் சரிசெய்ய இன்னும் ஆறு வாரம் கையில் இருக்கிறது.

அடுத்தது, எல்லா வீட்டிலும் நடப்பது. லைட்டுக்காகச் சண்டை போடுகிறோம். எங்கள் அம்மா, யாராவது அறையை விட்டு வெளியே வந்தால் உடனே போய் லைட்டை அணைப்பார், அது நல்ல பழக்கம், குறை சொல்ல மாட்டேன். ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். 9 வாட் எல்இடி பல்பு ஒன்று தினமும் ஐந்து மணி நேரம் வீணாக எரிந்தால்கூட இரண்டு மாதத்துக்கு மூன்று யூனிட் வராது. அதே வீட்டில் 75 வாட் பழைய சீலிங் ஃபேன் ஒரு நாளைக்குப் பதினாறு மணி நேரம் சுற்றினால் 72 யூனிட். செட்டாப் பாக்ஸை ரிமோட்டில் மட்டும் அணைத்துவிட்டு விடுகிறோமே, அது பத்து வாட் இழுத்தாலும் இருபத்து நான்கு மணி நேரமும் இழுத்துக்கொண்டே இருப்பதால் 14 யூனிட். கண்ணுக்குத் தெரிகிற வெளிச்சத்தை அணைக்கிறோம், கண்ணுக்குத் தெரியாமல் ஓடுவதை விட்டுவிடுகிறோம்.

சென்னையில் ஃபேன் நிற்கிற நாளே கிடையாது, அதனால் ஃபேனை மாற்றுவது நல்ல முதலீடுதான். 30 வாட்டுக்குள் ஓடும் பிஎல்டிசி ஃபேன் போட்டால் மேலே சொன்ன 72 யூனிட், 29-க்குள் வந்துவிடும். ஆனால் இதிலும் இரண்டு தவறு செய்கிறார்கள். புது ஃபேனை ஹாலில் மாட்டுகிறார்கள், வருகிறவர்கள் கண்ணில் படட்டும் என்று. ஹாலில் அது நாலு மணி நேரம்தான் ஓடும், ராத்திரி முழுக்க ஓடுவது படுக்கையறை ஃபேன், முதலில் மாற்ற வேண்டியது அதைத்தான். இன்னொன்று, பிஎல்டிசி ஃபேனைப் பழைய ரெகுலேட்டர் வழியாகவே இணைப்பது. ரெகுலேட்டரை எடுத்துவிட்டு நேரடியாக சுவிட்சில் கொடுக்கச் சொல்லுங்கள், வேகத்தை ரிமோட்டில் மாற்றிக்கொள்ளலாம்.

ஏசிக்கு வருவோம். மே மாதம் சென்னையில் ஏசி போடாதீர்கள் என்று நான் சொல்ல மாட்டேன், அக்னி நட்சத்திரத்தில் வயதானவர்களையும் குழந்தைகளையும் வைத்துக்கொண்டு அது நியாயமும் இல்லை. எப்படிப் போடுகிறோம் என்பதுதான் கேள்வி. ஒன்றரை டன் ஏசி மணிக்குச் சுமார் ஒரு யூனிட் எடுக்கிறது என்று வைத்தாலும், ராத்திரி எட்டு மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்தில் 480 யூனிட், அந்த 500-ஐ அது ஒன்றே தின்றுவிடும். வெளியிலிருந்து வந்தவுடன் 18-ல் வைத்தால் சீக்கிரம் குளிரும் என்று நிறைய பேர் நினைக்கிறார்கள். இன்வெர்ட்டர் இல்லாத சாதாரண ஏசியில் அப்படி நடக்காது, 18-ல் வைத்தாலும் 25-ல் வைத்தாலும் கம்ப்ரஸர் ஒரே வேகத்தில்தான் ஓடும், 18-ல் வைத்தால் நிற்காமல் ஓடும், அவ்வளவுதான் வித்தியாசம். ஒரு டிகிரி கூட்டி வைத்தால் சுமார் 6 சதவீதம் மின்சாரம் மிச்சம் என்பது மத்திய அரசின் எரிசக்தித் திறன் அமைப்பு சொல்லும் கணக்கு. 2020 ஜனவரியிலிருந்து ஸ்டார் முத்திரை உள்ள ஏசிகள் ஆன் செய்ததும் 24-ல் தொடங்க வேண்டும் என்று விதி வந்ததும் அதனால்தான். நாங்கள் 26-ல் வைத்து ஃபேனை மெதுவாக ஓடவிடுகிறோம். முதல் இரண்டு ராத்திரி அப்பா புழுங்குகிறது என்றார், மூன்றாம் நாள் போர்வை கேட்டார்.

ஏசி ஃபில்டரை வருடத்துக்கு ஒருமுறை சர்வீஸ்காரர் வந்து கழுவினால் போதும் என்பதும் தவறு. மெட்ரோ வேலை நடக்கிற தெருவில் இருப்பவர்களுக்கு இதைச் சொல்லவே வேண்டாம். முன்மூடியைத் தூக்கி அந்த வலையை உருவிக் குழாயடியில் பிடித்தால் சாம்பல் நிறத்தில் பஞ்சு மாதிரி திரளாக வரும். அதை அடைத்துக்கொண்டுதான் ஏசி இத்தனை நாள் மூச்சுவிட்டிருக்கிறது. கோடையில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை நீங்களே கழுவலாம், பத்து நிமிஷ வேலை.

அதைவிட முக்கியம், வெயிலை உள்ளே விட்டுவிட்டு அப்புறம் ஏசியால் விரட்டுவது. மேற்குப் பார்த்த படுக்கையறைச் சுவர் சாயங்காலம் வரை காய்ந்து, ராத்திரி பதினொரு மணி வரைக்கும் சூட்டைக் கக்கும், கை வைத்தாலே தெரியும். உள்பக்கம் கனமான திரை போடுவதில் பெரிய பலன் இல்லை, கண்ணாடியைத் தாண்டி வெயில் ஏற்கெனவே உள்ளே வந்துவிட்டது. ஜன்னலுக்கு வெளியே மூங்கில் தட்டி கட்டுங்கள். மாடி வீடாக இருந்தால் மார்ச்சிலேயே மொட்டை மாடிக்கு வெள்ளைச் சுண்ணாம்பு அடியுங்கள், செலவு குறைவு, கீழே அறையில் வித்தியாசம் நன்றாகத் தெரியும். பிற்பகலில் கடல் காற்று வந்ததும் கிழக்கு ஜன்னலைத் திறந்துவிட வேண்டும். ஏசி இருக்கிறதே என்று அந்த நேரத்திலும் வீட்டை அடைத்து வைப்பது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கும் விஷயம்.

ஃப்ரிட்ஜ் கதவு சரியாக மூடுகிறதா என்று பார்க்க ஒரு பத்து ரூபாய் நோட்டு போதும். நோட்டைக் கதவில் பாதி உள்ளே பாதி வெளியே வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். சுலபமாக வந்துவிட்டால் அந்த ரப்பர் தளர்ந்துவிட்டது, குளிர் வெளியே போய்க்கொண்டிருக்கிறது. எங்கள் வீட்டில் கீழ் மூலையில் நோட்டு வழுக்கிக்கொண்டு வந்தது. துணியை வெந்நீரில் நனைத்துத் துடைத்ததுமே ரப்பர் ஓரளவு பிடித்துக்கொண்டது, இல்லாவிட்டால் ரப்பரை மட்டும் மாற்றலாம், புது ஃப்ரிட்ஜ் தேவையில்லை. கீஸரைக் காலையில் போட்டுவிட்டு எல்லோரும் குளித்து முடிக்கும் வரை அணைக்காமல் விடாதீர்கள், பத்துப் பதினைந்து நிமிஷம் போதும். கோடைப் பிற்பகலில் நம் ஊர் மாடித் தொட்டித் தண்ணீரே வெந்நீர்தான். குக்கரில் முதல் விசில் வந்ததும் அடுப்பை சிம்மில் வையுங்கள். பாத்திரத்தின் அடி கரியாகிறது என்றால் பர்னர் ஓட்டைகள் அடைத்திருக்கின்றன, கேஸ் வீணாகிறது.

தண்ணீரில் நாம் இன்னும் கவனக்குறைவு. 2019 கோடையில் புழல், செம்பரம்பாக்கம், பூண்டி, சோழவரம் நான்கும் வறண்டு, ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்ததைப் பார்த்த ஊர் இது. அப்போது குடம் வைத்துக்கொண்டு வரிசையில் நின்ற அதே வீடுகளில் இன்று ஃப்ளஷ் தொட்டி ராத்திரி பகலாகச் சத்தமில்லாமல் ஒழுகிக்கொண்டிருக்கிறது. குழாய் சொட்டினால் கேட்கும், இது கேட்காது. படுக்கப் போகும் முன் தொட்டி மூடியைத் திறந்து ஒரு ஸ்பூன் மஞ்சள் தூளைக் கரைத்து ஊற்றுங்கள், ஃப்ளஷ் செய்யாமல் கால் மணி நேரம் கழித்துப் போய்ப் பாருங்கள். கீழே கோப்பையில் மஞ்சள் இறங்கியிருந்தால் உள்ளே ரப்பர் வாஷர் போயிருக்கிறது. எங்கள் வீட்டில் இறங்கியிருந்தது. வாஷரை மாற்றிய பிறகு, ஒருநாள் விட்டு ஒருநாள் கூடுதலாகப் போட்டுக்கொண்டிருந்த மோட்டாரைப் போட வேண்டியிருக்கவில்லை. தண்ணீர் ஒழுகினால் கரண்டும் சேர்ந்துதான் ஒழுகுகிறது, இதைப் பலர் சேர்த்துப் பார்ப்பதில்லை.

ஆர்ஓ மெஷினைக் கண்ணை மூடிக்கொண்டு வாங்குவது இன்னொன்று. ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீருக்கு இரண்டு மூன்று லிட்டர் கழிவாகப் போகிறது. தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும், முதலில் உங்கள் குழாய்த் தண்ணீரை அளந்து பாருங்கள். 500-க்குள் இருந்தால் உப்புக்காக ஆர்ஓ தேவையில்லை, யூவி ஃபில்டரோ கொதிக்க வைப்பதோ போதும். கடலோரப் பகுதி போர் தண்ணீர் என்றால் வேறு வழியில்லை, ஆர்ஓ வேண்டும்தான். அப்படியானால் கழிவுத் தண்ணீரை வாளியில் பிடித்து வீடு துடைக்க, கழிவறைக்கு ஊற்றப் பயன்படுத்துங்கள். செடிக்குத் தினமும் ஊற்றாதீர்கள், மண்ணில் உப்பு சேர்ந்து செடி கருகிவிடும்.

சுற்றுச்சூழலுக்கு நல்லது என்ற பெயரில் புதிதாக வாங்கிக் குவிப்பதையும் சொல்லியாக வேண்டும். வீட்டில் ஏற்கெனவே இருபது துணிப்பை இருக்கும், கடைக்குக் கையை வீசிக்கொண்டு போய் இருபத்தொன்றாவதை வாங்குவோம். மஞ்சப்பையில் மிச்சமாவது அதைத் திரும்பத் திரும்பக் கொண்டுபோவதால்தான். வண்டி சீட்டுக்கு அடியில் ஒன்று, ஆபீஸ் பையில் ஒன்று வைத்துவிடுங்கள், போதும். அப்புறம், துணி மாதிரி இருக்கும் நான்-வோவன் பை துணியே இல்லை, அது பிளாஸ்டிக்தான், 2019 ஜனவரி 1-ல் தமிழ்நாட்டில் தடை வந்தபோது அந்தப் பட்டியலில் அதுவும் இருந்தது. உள்ளே பிளாஸ்டிக் பூசிய பேப்பர் கப்பும் அதே பட்டியலில்தான்.

ஆபீஸில் யாருடைய பணமோ என்று இருந்துவிடுகிறோம். கிண்டியில் நான் வேலை பார்க்கும் இடத்தில் ஏசி 19-ல் ஓடும், பாதிப் பேர் சால்வை போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருப்போம். குளிர்கிறது, கொஞ்சம் கூட்டி வையுங்கள் என்று நிர்வாகத்திடம் போய்ச் சொல்ல ஏன் தயங்கினோம் என்று இப்போது புரியவில்லை, சொன்ன மறுநாளே 24 ஆக்கினார்கள். நம் கையிலிருந்து போகும் பணமும் உண்டு. வெளியே தினம் ஒரு இருபது ரூபாய் தண்ணீர் பாட்டில் வாங்குகிறவருக்கு மாதத்தில் இருபத்தைந்து நாளைக்கு 500 ரூபாய். வீட்டிலிருந்து ஒரு எவர்சில்வர் பாட்டிலும் டீக்கு ஒரு டம்ளரும் கொண்டுபோனால் முடிந்தது. மின்சார ரயிலோ மெட்ரோவோ போகிற வழியில் இருந்தும் தனியாக பைக்கில் போகிறவர்கள் பெட்ரோலை மட்டும் கணக்குப் பார்க்கிறார்கள். பார்க்கிங், டயர், சர்வீஸ் எல்லாவற்றையும் ஒரு மாதம் எழுதி வைத்துப் பார்க்கட்டும்.

கடைசியாக மழைநீர்த் தொட்டி. 2003-ல் தமிழ்நாடு முழுக்க எல்லாக் கட்டடத்துக்கும் கட்டாயமாக்கினார்கள், எல்லோரும் கட்டினோம், பெரும்பாலோர் அதற்கப்புறம் திறந்தே பார்க்கவில்லை. சென்னையில் சராசரியாக வருடத்துக்கு 1400 மில்லிமீட்டர் மழை. ஆயிரம் சதுர அடி மொட்டை மாடியில் அது சுமார் 1,30,000 லிட்டர், வழியில் வீணாவதைக் கழித்தாலும் ஒரு லட்சம் லிட்டர் தேறும். 12,000 லிட்டர் லாரியில் கணக்குப் போட்டால் எட்டு லாரித் தண்ணீர்! எங்கள் அபார்ட்மெண்டில் தொட்டி மூடியை நகர்த்திப் பார்த்தபோது ஜல்லிக்கு மேலே ஒரு ஜாண் உயரத்துக்கு வண்டல், அதில் கேரிபேக், அரச இலை, ஒரு டென்னிஸ் பந்து. தண்ணீர் இறங்க வழியே இல்லை, மழை பெய்ததெல்லாம் தெருவுக்குத்தான் போயிருக்கிறது. இரண்டு ஆட்கள் அரை நாளில் வண்டலை அள்ளி, ஜல்லியை வெளியே கொட்டிக் கழுவி மறுபடி போட்டார்கள். வீட்டுக்கு 200 ரூபாய்கூட ஆகவில்லை. வடகிழக்குப் பருவமழை அக்டோபர் நடுவில் பிடிக்கும், அதனால் செப்டம்பர் முடிவதற்குள் இதைச் செய்துவிடுங்கள், மொட்டை மாடியையும் ஒருமுறை பெருக்கிவிடுங்கள். முதல் மழைத் தண்ணீரில் மாடித் தூசியும் காக்கை எச்சமும் கலந்து வரும், அதை வெளியே விட்டுவிட்டு இரண்டாவது மழையிலிருந்து தொட்டிக்குத் திருப்புங்கள்.