மாடி வீட்டில் தைப்பொங்கல்: கொழும்பில் முதல்முறை பொங்குபவர்களுக்கு

ஊரில் முற்றம் இருந்தது. விடியமுன் சாணியால் மெழுகி, கோலம் போட்டு, மூன்று கல் வைத்து மூட்டினால் சரி. வெள்ளவத்தையில் எனக்கு இருப்பது மூன்றாம் மாடியில் ஓர் அறையும் ஒற்றைக் கேஸ் அடுப்பும்தான். வேலைக்காக இங்கே தனியாக இருப்பவர்கள் பலர் இதனாலேயே கோயிலுக்குப் போய்க் கும்பிட்டுவிட்டுக் கடையில் சாப்பிட்டு வந்துவிடுகிறார்கள். ஆனால் மாடி அறையிலும் பொங்கலாம். முக்கியமானவை இரண்டுதான்: பால் பொங்கி வழிய வேண்டும், பொங்கலைச் சூரியனுக்குப் படைக்க வேண்டும். மற்றதையெல்லாம் சுருக்கலாம்.

1. கிழக்கு எது என்று பாருங்கள்

சிரிக்காதீர்கள். கடற்கரைப் பக்கப் பல்கனியில் மாலைச் சூரியன்தான் தெரியும். எனக்குச் சூரியன் வருவது குசினி யன்னலால், அடுத்த கட்டடத்துத் தண்ணீர்த் தாங்கிக்குப் பின்னாலிருந்து. தை பிறக்கும் நாட்களில் கொழும்பில் சூரியன் உதிக்க ஆறு இருபதைத் தாண்டும். மொட்டைமாடியில் பொங்க விருப்பமென்றால் வீட்டுக்காரரிடம் முன்கூட்டியே கேளுங்கள். விறகு வேண்டாம், வெடியும் வேண்டாம்.

2. முதல் நாள் சாமான்

பொங்கல் ஜனவரி 14 அல்லது 15இல் வரும், நாட்காட்டியைப் பாருங்கள். அன்றைக்கு அரச விடுமுறை, லீவு கேட்கத் தேவையில்லை. முதல் நாள் காலி வீதி நடைபாதையிலேயே பானை, கரும்பு, இஞ்சி மஞ்சள் கொத்து எல்லாம் வந்துவிடும்.

மூன்று நான்கு பேருக்கு: பச்சையரிசி 1 சுண்டு (ஒரு ரின்பால் பேணி அளவு), வறுத்துக் கோது நீக்கிய பயறு கால் சுண்டு, சர்க்கரை 250 கிராம், தேங்காய் 1, பசுப்பால் அரை லீற்றர், ஏலக்காய் 5, கஜுவும் பிளம்ஸும் (முந்திரியும் உலர்ந்த திராட்சையும்) ஒவ்வொரு பிடி, கொஞ்சம் நெய். சர்க்கரை என்றால் நம் ஊர்ச் சர்க்கரை, சீனியில்லை.

3. பானை

இதில்தான் நான் தோற்றேன். முதல் வருடம் வாங்கிய மண்பானையை அப்படியே பெரிய நெருப்பில் வைத்தேன். டப்பென்று அடி வெடித்துப் பால் முழுக்க அடுப்புக்குள். புதுப்பானையை இரவு முழுக்கத் தண்ணீரில் ஊறவையுங்கள். காலையில் ஈரம் துடைத்து, பாலை ஊற்றிய பிறகே அடுப்பில் ஏற்றி, சிறு நெருப்பில் தொடங்குங்கள். பயமென்றால் எவர்சில்வர் பாத்திரம் போதும். கழுத்தில் மஞ்சள் இலையைக் கட்டினால் அதுவும் பொங்கல் பானைதான்.

பானை பெரிதாக இருக்கக் கூடாது. ஒன்றரை லீற்றர் கொள்வது இந்த அளவுக்குச் சரி. பெரிய பானையில் அரைவாசிக்குப் பால் விட்டுவிட்டுப் பொங்கவில்லையே என்று நிற்பவர்களைப் பார்த்திருக்கிறேன்.

4. பொங்குதல்

தலைக்குக் குளித்து, அடுப்புக்குப் பக்கத்தில் சின்னக் கோலம் போட்டு, விளக்கேற்றுங்கள். பாதி பால், பாதி தண்ணீராகக் கழுத்துவரை நிரப்புங்கள். அடுப்புக்குக் கீழே ஒரு தட்டம் வையுங்கள். நுரை ஏறும்போது அந்த இடத்தைவிட்டு அசையாதீர்கள். வழிகிற பால் நெருப்பை அணைத்துவிடும், கேஸ் மட்டும் வந்துகொண்டிருக்கும். வழிந்ததும் உடனே அடுப்பை நிறுத்தித் துடைத்துவிட்டு மறுபடி பற்றவையுங்கள்.

அப்புறம் இரண்டு கோப்பை பாலை வெளியே எடுத்து வையுங்கள், இல்லாவிட்டால் அரிசிக்கு இடமிருக்காது. கழுவிய அரிசியை இரு கையாலும் அள்ளி, பானையை மூன்று தரம் சுற்றிப் போடுங்கள். பிறகு பயறு. சிறு நெருப்பில் வேகவிட்டு, எடுத்து வைத்த பாலைக் கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள். அரிசியை விரலால் நசுக்கிப் பார்த்து நன்றாக மசிந்த பிறகே சர்க்கரை. அவசரப்பட்டுப் போட்டால் அரிசி அதற்குமேல் வேகாது. கடைசியில் தேங்காயின் முதற்பால், ஏலக்காய், நெய்யில் வதக்கிய கஜு, பிளம்ஸ்.

வாழையிலையில் படைத்து, யன்னலைத் திறந்து சூரியனுக்குக் காட்டிக் கும்பிடுங்கள்.

5. பங்கு

கீழ்மாடிச் சிங்கள அன்ரிக்கு ஒரு கிண்ணம் கொண்டுபோனேன். விளக்கம் சொல்லத் தேவைப்படவில்லை. சித்திரைப் புத்தாண்டுக்கு அவர்களும் பால் பொங்க வைப்பவர்கள், "நன்றாகப் பொங்கியதா?" என்றுதான் கேட்டார்.

ஊரிலிருந்து அம்மா கோல் எடுத்தால் கேள்வி வேறாக இருக்கும்: "எந்தப் பக்கம் வழிஞ்சது?" கிழக்கே வழிந்தால் நல்லது என்பது அவர் கணக்கு. அதற்காகவே ஊரில் கிழக்குப் பக்கக் கல்லைக் கொஞ்சம் பதித்து வைப்பார். நான் பானையை அந்தப் பக்கம் ஒரு மயிரிழை சரித்து வைக்கிறேன்.