பிரேக் மிதித்தால் மட்டும் ஸ்டீயரிங் உதறுகிறதா?

என் காரில் காரைக்குடியிலிருந்து புதுக்கோட்டைச் சாலையில் 80 கிலோமீட்டர் வேகத்தில் போய்ப் பிரேக்கை மிதித்தால் ஸ்டீயரிங் படபடவென்று உதறும். மிதிக்காவிட்டால் ஓட்டத்தில் குறையே இல்லை. பாதி விடை அதிலேயே இருந்தது. பிரேக்கைத் தொடாமலே குறிப்பிட்ட வேகத்தில் அதிர்ந்தால் டயரையும் வீல் பேலன்ஸையும் (சக்கரத்தின் எடைச் சமநிலை) பார்க்க வேண்டும். மிதிக்கும்போது மட்டும், அதுவும் ஸ்டீயரிங்கில் என்றால் முதல் சந்தேகம் முன் டிஸ்க் (சக்கரத்தோடு சுழலும் பிரேக் தட்டு) மீதுதான்.

ஒரு பட்டறையில் தொட்டுக்கூடப் பார்க்காமல், "டிஸ்க் வளைந்துவிட்டது, புதிது போடுங்கள்" என்றார்கள். அளந்து பார்க்காமல் பொருளை மாற்றச் சொல்வது எனக்கு ஒப்பவில்லை. தேவகோட்டையில் தெரிந்த மெக்கானிக் அண்ணனிடம் போனேன். அவர் டயல் கேஜை (டிஸ்க் எவ்வளவு கோணலாகச் சுற்றுகிறது என்று முள்ளால் காட்டும் கருவி) வைத்து டிஸ்க்கை மெல்லச் சுற்றினார். முள் 0.1 மில்லிமீட்டரைத் தாண்டி ஆடியது. பல கார்களுக்கு 0.05தான் எல்லை.

டிஸ்க்கைக் கழற்றியதும், அது உட்காரும் ஹப்பின் (சக்கரத்தின் நடுக்குடம்) முகத்தில் செதில் செதிலாகத் துரு. "இதைப் பாருங்கள் தம்பி, உட்காரும் இடமே மேடு பள்ளம்" என்றார். அந்தக் கோணலால் பிரேக் பேட் (டிஸ்க்கை அழுத்திப் பிடிக்கும் கட்டை) ஒரே இடத்தில் உரசி, டிஸ்க்கின் தடிமனும் சீரிழந்திருந்தது. குறைந்தபட்சத் தடிமன் டிஸ்க்கிலேயே பொறித்திருக்கும். அதற்கு மேல் கனம் இருந்ததால் லேத்தில் (கடைசல் இயந்திரம்) அதைச் சீராகச் சீவினோம். ஹப்பை உப்புத்தாளால் பளிச்சென்று தேய்த்து மாட்டியதும் முள் எல்லைக்குள் நின்றது.

வீல் நட்டுகளை எதிரெதிராக, டார்க் ரெஞ்சால் (முடுக்கும் விசையை அளந்து காட்டும் ஸ்பேனர்) கார் கையேட்டில் சொன்ன அளவுக்கு முடுக்கினார். பஞ்சர் கடையிலும் இப்போது அப்படியே முடுக்கச் சொல்கிறேன்.