நல்ல கல்லூரிகள் பலவற்றில் இடம் கிடைத்தபின் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

பிளஸ் டூ முடித்த பிள்ளைக்கு இரண்டு மூன்று பெயர்பெற்ற பொறியியல் கல்லூரிகளில் இடம் கிடைத்துவிட்டால், வீட்டில் மகிழ்ச்சியோடு கூடவே குழப்பமும் வந்து உட்கார்ந்துகொள்கிறது. என் அக்கா மகளுக்கு அப்படித்தான் நேர்ந்தது. ஒரு தனியார் பல்கலைக்கழகத்தில் கணினி அறிவியல், திருச்சி என்ஐடியில் உலோகவியல், கிண்டி பொறியியல் கல்லூரியில் எலெக்ட்ரானிக்ஸ் என மூன்று இடங்கள். எதையும் விட மனமில்லாமல் அந்தக் குடும்பம் பட்ட பாட்டை உடனிருந்து பார்த்தேன். பெயர் கல்லூரிக்கு உரியது. பிள்ளை நான்கு ஆண்டுகளைக் கழிக்கப்போவதோ ஒரு துறைக்குள். ஆகவே கல்லூரிகளின் பெயர்களை ஓரமாக வைத்துவிட்டு, துறைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும் என்பதே என் கருத்து.

அதற்கு முன் நாள்காட்டியை எடுத்துக்கொள்ளுங்கள், ஏனெனில் இந்த இடங்கள் ஒரே நாளில் கைக்கு வருவதில்லை. தனியார் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலும் கோடை விடுமுறையிலேயே இடத்தைக் கொடுத்துப் பணம் கட்டச் சொல்லிவிடும். ஐஐடி, என்ஐடிகளுக்கான ஜோசா கலந்தாய்வு ஜூன் மாதத்தில் தொடங்கும். தமிழ்நாட்டின் பொறியியல் கலந்தாய்வு அதற்கும் பிறகுதான் சூடுபிடிக்கும். இடையில், முதலில் கட்டிய பணமே முடிவைத் தீர்மானித்துவிடும் ஆபத்து இருக்கிறது. “அவ்வளவு பணம் கட்டியாச்சே, இனி எப்படி விடுறது?” என்று அக்காவும் கேட்டாள். பல்கலைக்கழக மானியக் குழு 2024-25 கல்வியாண்டுக்கு வகுத்த விதியின்படி, செப்டம்பர் 30-க்குள் விலகியவர்களுக்கு முழுக் கட்டணமும், அக்டோபர் 31-க்குள் விலகியவர்களுக்கு அதிகபட்சம் 1,000 ரூபாய் பிடித்துக்கொண்டு மீதமும் திருப்பித் தரப்பட வேண்டும். உங்கள் ஆண்டுக்கான சுற்றறிக்கையை எடுத்துப் படித்துவிட்டு, கட்டிய பணத்தைக் கணக்கிலிருந்தே நீக்கிவிட்டு யோசியுங்கள்.

இன்னும் கைக்கு வராத இடத்தைக் கட்-ஆஃப் கொண்டு ஓரளவு கணிக்கலாம். தமிழ்நாட்டுக் கலந்தாய்வில் கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50 என மொத்தம் 200-க்குக் கணக்கிடுகிறார்கள். முந்தைய ஆண்டுகளில் எந்தக் கல்லூரியில் எந்தப் பிரிவு, எந்த வகுப்பினருக்கு எந்த மதிப்பெண்ணில் முடிந்தது என்ற பட்டியலும் கிடைக்கிறது. ஓராண்டை மட்டும் பார்க்காமல் இரண்டு மூன்று ஆண்டுகளைச் சேர்த்துப் பாருங்கள்.

அடுத்தது தரவரிசை. மத்திய அரசின் என்ஐஆர்எஃப் பொறியியல் பட்டியலில் சென்னை ஐஐடி 2016 முதல் முதலிடத்தில் இருக்கிறது என்பது பலரும் அறிந்த செய்தி. ஆனால் அந்த மதிப்பெண்ணில் ஆராய்ச்சிக்கு மட்டும் 30 விழுக்காடு என்பதையும், கல்லூரியைப் பற்றிப் பிறர் வைத்திருக்கும் எண்ணத்துக்கு 10 விழுக்காடு என்பதையும் பலர் கவனிப்பதில்லை. இளநிலை மாணவருக்கு ஐந்தாம் இடத்துக்கும் பதினைந்தாம் இடத்துக்கும் உள்ள வேறுபாடு அன்றாட வகுப்பறையில் தெரியும் என்று சொல்ல முடியாது. எனக்குப் பெரிதும் பயன்பட்டவை, ஒவ்வொரு கல்லூரியும் அந்தத் தரவரிசைக்காகக் கொடுத்துள்ள தரவுத்தாள்கள். எத்தனை பேர் உரிய காலத்தில் பட்டம் பெற்றார்கள், எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது, எத்தனை பேர் மேற்படிப்புக்குப் போனார்கள், வேலை பெற்றவர்களின் இடைநிலைச் சம்பளம் என்ன என்பவையெல்லாம் அவற்றில் இருக்கின்றன. இடைநிலைச் சம்பளம் என்பது, வேலை பெற்ற அனைவரையும் சம்பள வரிசையில் நிறுத்தினால் நடுவில் நிற்பவர் வாங்கும் தொகை. வாசலில் கட்டியிருக்கும் பேனர் முதலாவதாக நிற்பவரின் சம்பளத்தைச் சொல்லும். உங்கள் பிள்ளை நடுவில் நிற்கவே வாய்ப்பு அதிகம். ஒரு குறை உண்டு: அந்தத் தாள்கள் நிறுவனம் முழுமைக்குமானவை, துறைவாரியாகப் பிரித்துக் காட்டுவதில்லை. அதனால் துறையிடமே கேட்க வேண்டும். தரத்தைச் சரிபார்த்து வழங்கும் அங்கீகாரங்களில், நாக் கல்லூரிக்கானது, என்பிஏ தனித்தனிப் படிப்புக்கானது என்பதையும் மறக்க வேண்டாம்.

இனி, நேரில் போங்கள். திறப்பு நாள், வரவேற்பு நாள் என்று அவர்கள் அழைக்கும் நாளில் போகாமல், வகுப்பு நடக்கும் ஒரு சாதாரண வேலைநாளில் அனுமதி கேட்டுக்கொண்டு போங்கள். நாங்கள் பார்த்த ஒரு கல்லூரியில் ஆய்வகம் பளபளவென்று இருந்தது. அலைக்காட்டிகள் (ஆசிலோஸ்கோப்) மீது போட்டிருந்த பிளாஸ்டிக் உறைகள் மடிப்புக்கூடக் கலையாமல் இருந்தன. இன்னொரு கல்லூரியின் ஆய்வகத்தில் பழைய மேசைகள். அவற்றின் மேல் அறுந்த கம்பிகள், ஈயப்பற்று வைத்த கருகல் தடங்கள், எரிந்துபோன ஒரு மின்சுற்றுப் பலகையைச் சுற்றி நின்று காரணம் தேடிக்கொண்டிருந்த நான்கு மாணவிகள். பதினைந்து நிமிடம் அங்கேயே நின்றுவிட்டு வெளியே வந்த அக்கா மகள், “மாமா, இங்க பொருளைத் தொட விடுறாங்க” என்றாள்.

வெளியே டீக்கடையில் மூன்றாம் ஆண்டு மாணவர்கள் இருவரைப் பிடித்து, “காலேஜ் எப்படி?” என்று பொதுவாகக் கேட்டால் பொதுவான பதில்தான் வரும், குறிப்பாகக் கேளுங்கள். ரெக்கார்ட் நோட்டைச் செய்முறை செய்துவிட்டு எழுதுகிறார்களா, சீனியரிடம் வாங்கிப் பார்த்து எழுதுகிறார்களா. போன பருவத்தில் எத்தனை பாடங்களை நிரந்தரப் பேராசிரியர்கள் எடுத்தார்கள். நூலகம் இரவில் எத்தனை மணிக்கு மூடுகிறது, பெண்கள் விடுதியின் வாயில் அதற்கு முன்பே மூடிவிடுகிறதா. கடைசிக் கேள்விக்கு வரும் பதில் பெண் பிள்ளைகளின் படிப்பையே மாற்றக்கூடியது.

பணக் கணக்கை ஓராண்டுக்குப் போடாமல் நான்காண்டுக்கும் போடுங்கள். விடுதி, சாப்பாடு, ஊருக்குப் போய்வரும் செலவு, மடிக்கணினி எல்லாம் அதில் வர வேண்டும். என்ஐடிகளில் கல்விக் கட்டணம் ஆண்டுக்கு 1,25,000 ரூபாய் என்றாலும், பட்டியல் சாதி, பழங்குடி, மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கும், குடும்ப வருமானம் ஒரு லட்சத்துக்குக் குறைவாக உள்ளவர்களுக்கும் அது முழுவதும் தள்ளுபடி. ஒன்று முதல் ஐந்து லட்சம் வரை வருமானம் உள்ளவர்களுக்கு மூன்றில் இரண்டு பங்கு தள்ளுபடி. தமிழ்நாட்டில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீட்டில் சேரும் அரசுப் பள்ளி மாணவர்களின் கட்டணத்தை அரசே ஏற்கிறது. முதல் பட்டதாரிச் சலுகை கலந்தாய்வு வழியாகச் சேர்பவர்களுக்குத்தான். நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்தால் கிடைக்காது. கடன் வாங்குவதென்றால் மாதத் தவணையைக் கணக்கிட்டுவிடுங்கள்: எட்டு லட்சத்தைப் பத்து விழுக்காடு வட்டியில் பத்தாண்டுகளில் அடைக்க மாதம் ஏறக்குறைய 10,570 ரூபாய் ஆகும், படிக்கும் காலத்தில் ஏறும் வட்டி தனி. அந்தத் தொகையை முன்பு பார்த்த இடைநிலைச் சம்பளத்தின் பக்கத்தில் எழுதிப் பாருங்கள்.

பிரிவா, கல்லூரியா என்ற பழைய கேள்விக்கு எல்லாருக்கும் பொருந்தும் விடை இல்லை. பிடிக்காத பிரிவில் சேர்ந்து இரண்டாம் ஆண்டில் மாறிக்கொள்ளலாம் என்ற நம்பிக்கையில் மட்டும் சேர வேண்டாம். அந்த வாய்ப்பு மிகச் சிலருக்கே கிடைக்கிறது, சில ஐஐடிகள் அதை நிறுத்தியும்விட்டன. முதல் ஆண்டு, இரண்டாம் ஆண்டுப் பாடத்திட்டங்களை அச்செடுத்துப் பிள்ளையிடமே கொடுத்து, படிக்க ஆசைப்படும் பாடங்களின் கீழ் கோடிடச் சொல்லுங்கள். அக்கா மகளின் தாளில் எலெக்ட்ரானிக்ஸ் பக்கம் முழுவதும் கோடுகள், உலோகவியல் பக்கத்தில் இரண்டே இரண்டு. கிண்டியை அவள் எடுத்ததற்கு அந்தத் தாளும் செலவுக் கணக்கும்தான் காரணம்.

முடிவைக் கணினியில் பதியும்போது அவசரம் கூடாது. ஜோசாவில் ஃப்ரீஸ் என்றால் கிடைத்த இடமே போதும். ஸ்லைடு என்றால் அதே கல்லூரியில் மேல்விருப்பமான பிரிவு. ஃப்ளோட் என்றால் எந்தக் கல்லூரியிலும் மேல்விருப்பம். மேல்விருப்பம் கிடைத்துவிட்டால் பழைய இடம் தானாகப் போய்விடும், திரும்பி வராது. தமிழ்நாட்டுக் கலந்தாய்வில், கிடைத்த இடத்தை ஏற்றுக்கொண்டு மேல்விருப்பத்துக்கும் காத்திருக்கும் அக்செப்ட் அண்ட் அப்வர்டுக்கும் இது பொருந்தும். எனவே விருப்பப் பட்டியலை எழுதும்போதே, மேலே உள்ளது கிடைத்தால் கீழே உள்ளதை வருத்தமின்றி விடுவோமா என்று ஒவ்வொரு வரியிலும் கேட்டுக்கொள்ளுங்கள்.

சேர்ந்த பிறகு, மற்ற இடங்களிலிருந்து அன்றைக்கே எழுத்து மூலம் விலகி, விண்ணப்பம் பெற்றுக்கொண்டதற்கான ஒப்புகையை வாங்கி வையுங்கள். அசல் சான்றிதழ்களைச் சரிபார்த்ததும் திருப்பித் தர வேண்டும், வைத்துக்கொள்ளக் கூடாது என்று மானியக் குழு 2018-லேயே அறிவித்திருக்கிறது. நீங்கள் விடும் இடத்துக்காகக் காத்திருப்புப் பட்டியலில் ஒரு பிள்ளை இருக்கும். ஜோசாவில் கடைசிச் சுற்றுக்கு முன்பே விலகும் காலம் முடிந்துவிடுவதால், தேதியைச் சுவரில் எழுதி ஒட்டிவிடுங்கள்.